காட்டு மான் எவ்வளவு பெரிதாக வளரும்?

கேள்வி இதுதான்: ஒரு டன் எடையும் மூன்று மீட்டர் தோள் உயரமும் உள்ள காட்டு மான் இருக்க முடியுமா? இல்லையென்றால் ஒரு மான் உண்மையில் எந்த அளவுக்கு வளரும்? நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று உயிரோடு இருக்கும் எந்த மான் இனமும் அந்த அளவுகளை எட்டுவதில்லை. மிகப் பெரிய இனத்தில், நல்ல மேய்ச்சல் கிடைத்து முழு வளர்ச்சி அடைந்த ஆண் ஏறக்குறைய 2.1 மீட்டர் தோள் உயரமும் 600 முதல் 700 கிலோ எடையும் இருக்கும். 800 கிலோ என்பது மிக மிக அபூர்வம்.

அந்த இனம் மூஸ். அதிலும் அலாஸ்காவிலும் கனடாவின் யூகான் பகுதியிலும் வாழும் வகைதான் எல்லாவற்றிலும் பெரியது. அங்கே நல்ல உடல்நிலையில் உள்ள ஆண்கள் 540 முதல் 725 கிலோ வரை இருக்கும். பெண்கள் 360 முதல் 590 கிலோ வரை. அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் சாதனை மூஸ் 1897 செப்டம்பரில் யூகான் ஆற்றங்கரையில் சுடப்பட்டது. தோள் உயரம் 2.34 மீட்டர், எடை 816 கிலோ என்று குறித்திருக்கிறார்கள். அந்த எடை ஒரு மதிப்பீடுதான், தராசில் ஏற்றி எடுத்ததல்ல. ஆனாலும் உயரத்தோடு பொருந்திப் போகும் எண் என்பதால் நான் அதை ஒதுக்கிவிட மாட்டேன். செப்டம்பர் என்ற மாதமும் முக்கியமானது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தோள் உயரம் என்பது நிற்கும் விலங்கின் முன்னங்கால் குளம்பிலிருந்து தோளுக்கு மேலுள்ள முதுகு மேடு வரை அளப்பது. தலையும் கொம்பும் இதில் சேராது. மூஸ் தலையை நிமிர்த்தினால் கொம்பின் உச்சி மூன்று மீட்டரை நெருங்கும். 'மூன்று மீட்டர் மான்' என்ற பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டு அளவுகளைக் குழப்பிக்கொள்வதால் வருவது. தோளே மூன்று மீட்டர் என்றால் அது நன்றாக வளர்ந்த ஆசிய ஆண் யானையின் உயரம். ஓர் உடல் வடிவம் மாறாமல் பெரிதானால், உயரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அந்த எண்ணை மூன்று முறை பெருக்கி வரும் மடங்குக்கு எடை கூடும்; உயரம் இரு மடங்கானால் எடை எட்டு மடங்கு. 2.1 மீட்டரில் 650 கிலோ இருக்கும் மூஸை அப்படியே மூன்று மீட்டருக்கு உயர்த்தினால் 1,900 கிலோ வரும். காண்டாமிருகத்தின் எடை அது. மூஸின் மெலிந்த நீண்ட கால்கள் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாது. தாங்க வேண்டுமென்றால் கால்கள் தடித்து, விலங்கின் உருவமே வேறாகிவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஆப்பிரிக்காவின் ஈலண்ட் 900 கிலோவை எட்டக்கூடியது. அதைக் காட்டி 'இதோ பெரிய மான்' என்று சொல்பவர்கள் உண்டு. ஈலண்டும் நீலகாயும் வெளிமானும் மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் கொம்பு உள்ளே எலும்பும் வெளியே உறையுமாக வாழ்நாள் முழுதும் நிலைத்திருக்கும். மான் குடும்பத்தின் கொம்பு முழுக்க எலும்பு. ஆண்டுதோறும் உதிர்ந்து மறுபடி முளைக்கும். உடல் அளவைப் பற்றிய பேச்சில் இந்த வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பது போகப்போகத் தெரியும்.

மூஸ் ஏன் இவ்வளவு பெரிது? பிறக்கும்போது குட்டி 13 முதல் 16 கிலோ. ஐந்தே மாதத்தில் 135 கிலோவைத் தாண்டிவிடும். வடக்கின் கோடை குறுகியது. ஆனால் அந்தச் சில மாதங்களில் சூரியன் மறைவதே அரிது, தளிர்கள் ஒரே நேரத்தில் வெடித்துக் கிளம்பும், ஒவ்வொரு இலையிலும் புரதம் செறிந்திருக்கும். வில்லோ, பிர்ச் மரங்களின் இலைகளையும் இளங்கிளைகளையும் மூஸ் ஓயாமல் தின்னும். நிலத் தாவரங்களில் குறைவாக உள்ள சோடியத்துக்காக ஏரிகளில் இறங்கி நீர்த் தாவரங்களை மேயும். நீண்ட கால்கள் ஆழமான பனியில் நடக்கவும் சேற்றில் இறங்கவும் உயரக் கிளைகளை எட்டவும் ஒருசேரப் பயன்படுகின்றன.

பெரிய உடலுக்கு இன்னொரு வசதி, குளிர். உடல் பெரிதாகப் பெரிதாக அதன் கொள்ளளவோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு குறைகிறது. அதனால் வெப்பம் மெதுவாகவே வெளியேறும். இதே காரணத்தால் மூஸ் தெற்கே வர முடிவதில்லை. கோடையில் 14 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அதற்கு வெப்பம் தாங்காமல் மூச்சு வாங்கத் தொடங்குகிறது. குளிர்கால ரோமத்தோடு இருக்கும்போது மைனஸ் 5 டிகிரியே அதற்கு அதிகம். 600 கிலோ எடையுள்ள மான் வெப்பமண்டலக் காட்டில் ஏன் இல்லை என்பதற்கு இது ஒரு பாதி விடை.

குளிர் நாடுகளில் விலங்குகள் பெரிதாக இருக்கும் என்று 1847-இல் ஜெர்மன் உயிரியலாளர் பெர்க்மன் சொன்ன விதியை இந்த இடத்தில் எல்லோரும் எடுத்து வைப்பார்கள். அது முழு உண்மையல்ல என்பதே என் கருத்து. மான்களை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த வலேரியஸ் கைஸ்ட் 1987-இலேயே அந்த விதியைக் கடுமையாக மறுத்தார். வடக்கே போகப்போக மான்கள் பெரிதாவது ஏறக்குறைய 60 முதல் 65 டிகிரி அட்சரேகை வரைதான். அதற்கு மேலே குளிர் கூடுகிறது, மான்களோ சிறுத்துவிடுகின்றன. வட துருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவுகளில் வாழும் ரெயின்டீர் என்ற பனிநில மான் குட்டைக் கால்களோடு உருண்டையாக இருக்கும். வளர்ந்த ஆணே 100 கிலோவைத் தொடுவதில்லை. குளிர்தான் உடலைப் பெரிதாக்குகிறது என்றால் அங்கே ராட்சத மான்கள் அல்லவா திரிய வேண்டும்? உண்மையில் உடல் அளவைத் தீர்மானிப்பது, வளரும் பருவத்தில் ஒவ்வொரு மானுக்கும் கிடைக்கும் சத்தான உணவு. அந்த உணவு உச்சமாகக் கிடைக்கும் இடம் துருவமும் அல்ல, வெப்பமண்டலமும் அல்ல. இடையில் இருக்கிறது.

ஒரு டன் மான் எப்போதுமே இருந்ததில்லையா? இருந்திருக்கிறது. பனியுக ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வாழ்ந்த செர்வால்செஸ் லாட்டிஃப்ரான்ஸ் என்ற அகன்ற நெற்றி மூஸ் இன்றைய மூஸின் உறவினம். அதன் எடையை ஆய்வாளர்கள் ஒரு டன் அளவில் மதிப்பிடுகிறார்கள். நாம் அறிந்த மான்களிலேயே மிகக் கனமானது அதுதான். புகழ் முழுதும் போய்ச் சேர்ந்ததோ ஐரிஷ் எல்க் எனப்படும் மெகலோசெரோஸுக்கு. அதன் தோள் உயரம் 2.1 மீட்டர். அதாவது அலாஸ்கா மூஸின் உயரமேதான். எடையும் 450 முதல் 700 கிலோவுக்குள்தான். அதைப் பேருருவமாக நினைக்க வைத்தது கொம்பு: ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 3.5 மீட்டர் வரை விரிவு, 40 கிலோ எடை. சைபீரியாவில் அது ஏறக்குறைய 7,700 ஆண்டுகளுக்கு முன்பு வரை வாழ்ந்திருக்கிறது. மரபணு ஆய்வின்படி இன்று அதற்கு மிக நெருங்கிய உறவு ஃபாலோ மான். அது 100 கிலோவை ஒட்டி நிற்கும் சாதாரண மான்தான் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

மற்ற இனங்களின் அளவுகளை விரைவாகப் பார்த்துவிடலாம். மூஸுக்கு அடுத்தது வட அமெரிக்காவின் வாப்பிட்டி. சாதாரணமாக ஆண் 300 முதல் 400 கிலோ. அதில் ரூஸ்வெல்ட் வகை 500 கிலோவை எட்டும். அலாஸ்காவின் அஃபோக்னாக் தீவுக்கு 1920-களின் இறுதியில் கொண்டுபோய் விடப்பட்ட ரூஸ்வெல்ட் வாப்பிட்டிகளில் 590 கிலோ வரை மதிப்பிடப்பட்டவை உண்டு. தெற்காசியாவின் கடமான், மிளா என்றும் சொல்வார்கள், வளர்ந்த ஆண் 225 முதல் 320 கிலோ. வெப்பமண்டலத்தில் ஒரு மான் எட்டும் உச்சம் ஏறத்தாழ அதுதான். புள்ளிமான் ஆண் 70 முதல் 90 கிலோ. மறுமுனையில், தென் அமெரிக்க ஆண்டீஸ் மலையின் வடக்கு புடு 35 சென்டிமீட்டர் உயரமே உள்ளது. எடை ஆறு கிலோவைத் தாண்டாது. ஒரே குடும்பத்துக்குள் நூறு மடங்குக்கும் மேற்பட்ட எடை வேறுபாடு.

ஆனால் இனத்துக்கு இனம் உள்ள வேறுபாட்டைவிட, ஒரே இனத்துக்குள் உள்ள வேறுபாடுதான் கேள்விக்கு உண்மையான விடை தரும். செம்மானை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் மரமற்ற ஈரக் குன்றுகளில் வாழும் ஆண் பெரும்பாலும் 100 கிலோவைச் சற்று தாண்டும். கிழக்கு ஐரோப்பாவின் கார்பேதிய மலைக் காடுகளில் அதே இனத்தின் ஆண் 250 கிலோவுக்கு மேல் போகும். வெள்ளைவால் மானிலும் அப்படித்தான். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1926-இல் சுடப்பட்ட ஒன்று, குடல் நீக்கிய பின்பே 182 கிலோ இருந்தது. உயிரோடு 232 கிலோ இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். ஃபுளோரிடா முனையிலுள்ள சிறு தீவுகளில் வாழும் கீ மானும் அதே வெள்ளைவால் இனம்தான். அங்கே வளர்ந்த ஆண் 25 முதல் 34 கிலோ. ஒன்று மற்றொன்றைப் போல ஏழு மடங்கு.

இது வம்சமா, உணவா? அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் நடந்த ஆய்வு ஒன்று இதற்கு அழகான விடை தந்தது. 2009-இல் அதன் முடிவுகள் வெளியாயின. பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதியின் வெள்ளைவால் மான்கள் சிறியவை. மாநிலத்தின் கிழக்கே விளைநிலங்களை ஒட்டி வாழ்பவை பெரியவை. இரண்டு இடத்துக் குட்டிகளையும் கொண்டுவந்து ஒரே வகையான சிறந்த தீனி கொடுத்து வளர்த்தார்கள். மலைப்பகுதி ஆண்கள் அப்போதும் சிறியவையாகவே நின்றன. வம்சம்தான் காரணம் என்று அத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் ஆய்வு அடுத்த தலைமுறைக்கும் தொடர்ந்தது. நல்ல தீனியில் வளர்ந்த மலைப்பகுதித் தாய்களுக்குப் பிறந்த ஆண்கள் கிழக்கு மான்களின் அளவுக்கு வளர்ந்துவிட்டன. அதாவது ஒரு மானின் உடல் அளவில் அதன் தாய் வளர்ந்த காலத்துப் பசியும் கலந்திருக்கிறது. இன்று காட்டில் மேய்ச்சல் செழித்தாலும் அதன் முழுப் பலன் தெரிய ஒரு தலைமுறை ஆகும். மான்களின் அளவைப் பற்றி நான் அறிந்தவற்றில் இதைவிட முக்கியமான செய்தி வேறில்லை.

கூட்டம் பெருகினால் என்ன ஆகும் என்பதற்கு பெரிங் கடலிலுள்ள செயின்ட் மேத்யூ தீவு சாட்சி. 1944-இல் 29 ரெயின்டீர்களை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். வேட்டை விலங்கு எதுவும் இல்லை. ரெயின்டீரின் தீனியான, பாசி போன்ற லைக்கனின் தடித்த படுகைகள் தீவெங்கும் இருந்தன. 1957-இல் 1,350 ஆகப் பெருகின. 1963-இல் 6,000. அந்த ஆறு ஆண்டுகளுக்குள் வளர்ந்த பெண்களின் சராசரி எடை 38 சதவீதமும் ஆண்களின் எடை 43 சதவீதமும் குறைந்துவிட்டன. அடுத்து வந்த கடும் பனிக்காலத்தில் கூட்டமே அழிந்தது. 1966-இல் எண்ணியபோது மிஞ்சியவை 42. தொடக்க ஆண்டுகளில் அங்கே சென்றவர் பெரிய மான்களைப் பார்த்திருப்பார், 1963-இல் சென்றவர் எலும்பும் தோலுமானவற்றைப் பார்த்திருப்பார். இரண்டும் ஒரே வம்சம்.

இந்தச் சிறுமை பல நூறு தலைமுறை நீடித்தால் அது வம்சத்திலேயே பதிந்துவிடும். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையிலுள்ள ஜெர்சி தீவின் புதைபடிவங்கள் அதற்குச் சான்று. கடைசிப் பனியுகத்துக்கு முந்தைய வெப்பக் காலத்தில் கடல் மட்டம் உயர்ந்து அந்த நிலம் தீவானது. அங்கே சிக்கிக்கொண்ட செம்மான்கள் 6,000 ஆண்டுகளுக்குள் ஆறில் ஒரு பங்கு எடைக்குச் சுருங்கிவிட்டன. பெரிதாவதும் சிறிதாவதும் மான்களுக்கு இவ்வளவு எளிது. அதனால்தான் 'இந்த இனம் இத்தனை கிலோ' என்று ஒற்றை எண்ணைச் சொல்லும் அட்டவணைகளை நான் நம்புவதில்லை. எந்த இடம், எந்தக் காலம் என்று சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள்.

இனி செப்டம்பர் விஷயத்துக்கு வருகிறேன். ஓர் ஆண் மூஸின் ஓராண்டு என்பது ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கைப் போன்றது. கோடை முழுதும் வரவு. ஆனால் அந்த வரவிலிருந்து உடலுக்குப் போவதற்கு முன் கொம்புக்கு ஒரு பங்கு போய்விடுகிறது. உச்ச வளர்ச்சியின்போது கொம்பு நாளொன்றுக்கு இரண்டு சென்டிமீட்டர் வரை நீளும். விலங்குலகில் இதைவிட வேகமாக வளரும் எலும்பு இல்லை. அந்த அளவுக்குக் கால்சியம் தீனியிலிருந்து மட்டும் கிடைக்காது. ஆகவே விலா எலும்பு போன்ற தன் எலும்புகளையே கரைத்துக் கொம்புக்கு அனுப்பிவிட்டு, பிறகு மெல்ல மெல்ல அவற்றை நிரப்பிக்கொள்கிறது. ஆகஸ்ட் முடியும்போது 30 கிலோவைத் தாண்டும் கொம்பும், தோலுக்கடியில் தடித்த கொழுப்புமாக நிற்கும். ஆண்டின் உச்ச எடை அப்போதுதான். செப்டம்பர் பாதியிலிருந்து இணைசேரும் காலம். ஆண்கள் வாரக்கணக்கில் தீனியைத் தொடுவதில்லை. மோதுவதும் துரத்துவதுமாகவே பொழுது போகும். அது முடியும்போது உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கரைந்திருக்கும். 700 கிலோ மூஸ் அக்டோபரில் 560 கிலோ மூஸ். அதன் பின்னே முழுப் பனிக்காலம் காத்திருக்கிறது. சில மாதங்களில் கொம்பும் உதிர்ந்துவிடும். மறு கோடையில் எல்லாம் முதலிலிருந்து.

இந்த ஆண்டுச் சுழற்சிதான் ஒரு டன்னுக்குக் குறுக்கே நிற்கும் பெரிய தடை என்று நினைக்கிறேன். காட்டு மாடும் பைசனும் ஒரு டன்னை நெருங்குகின்றன, சில சமயம் தாண்டுகின்றன. அவற்றின் கொம்பு ஒருமுறை முளைத்தால் முளைத்ததுதான். ஆண்டுதோறும் புது எலும்பு செய்ய வேண்டிய செலவில்லை. இரைப்பையும் வேறு வகை. முற்றிய புல்லைக் குவியலாகத் தின்று நிதானமாகச் செரிக்கும் பெரிய இரைப்பை அவற்றுக்கு. மான்களில் பலவும், குறிப்பாக மூஸ், தளிரும் மொக்கும் இளங்கிளையுமாகத் தேர்ந்து தின்பவை. உடல் பெரிதானால் வாய்க்குள் போக வேண்டிய அளவும் கூடும். ஆனால் தேர்ந்தெடுத்துத் தின்பவற்றுக்கு ஒரு நாளில் தேடிச் சேர்க்கக்கூடிய நல்ல தீனிக்கு ஓர் எல்லை உண்டு. வெப்பமண்டலக் காட்டில் 600 கிலோ மான் இல்லாததற்கு மீதிப் பாதி விடையும் இதில் இருக்கிறது: அங்கே பசுமை ஆண்டு முழுதும் உண்டு, ஆனால் வடக்கின் கோடையைப் போல ஒரே வீச்சில் செறிவான சத்தைக் கொட்டித் தருவதில்லை.

வயதையும் மறக்கக் கூடாது. வெள்ளைவால் ஆண் முழு உடல் அளவை அடைய ஐந்து அல்லது ஆறு வயதாகிறது. மூஸின் உடலும் கொம்பும் உச்சத்தைத் தொட பத்து வயதை ஒட்டி ஆகிவிடும். வேட்டை மிகுந்த இடங்களில் ஆண்கள் இரண்டு மூன்று வயதிலேயே சுடப்படுகின்றன. அங்குள்ளவர்கள் தங்கள் பகுதி மான்கள் சிறியவை என்று நம்புவார்கள். உண்மையில் அவர்கள் பார்ப்பது வளர்ந்து முடியாத இளம் மான்களை.

வெப்பநிலை உயர்வதும் இந்த அளவுகளை மாற்றத் தொடங்கிவிட்டது. ஸ்வால்பார்டில் பனிக்காலத்தில் மழை பெய்து, அது தரையில் பனிக்கட்டிப் படலமாக உறைந்து, தீனியை மூடிவிடுகிறது. 1994-இல் பிறந்த ரெயின்டீர்கள் வளர்ந்தபோது சராசரியாக 55 கிலோ இருந்தன. 2010-இல் பிறந்தவை 48 கிலோதான். பதினாறு ஆண்டு இடைவெளியில் இவ்வளவு வீழ்ச்சி. எனக்கு இது கவலையளிக்கும் செய்தி. தாயின் மெலிவு அடுத்த தலைமுறைக்கும் போகும் என்பதை மேலே பார்த்தோம்.

கடைசியாக, யாராவது ஒரு ராட்சத மானின் படத்தையோ எடையையோ காட்டினால் எப்படி மதிப்பிடுவது? படத்தில் மனிதர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். மானுக்குப் பின்னால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால், கேமரா மானுக்கு அருகில் இருந்தால், சாதாரண மானும் மலை போலத் தெரியும். நிற்கும் மான் என்றால் கொம்பை விட்டுவிட்டுத் தோளை மட்டும் மனித உயரத்தோடு ஒப்பிடுங்கள். பெரிய மூஸின் தோள் ஓர் ஆளின் தலைக்கு மேலே போகும். வேறு எந்த மானின் தோளும் அப்படிப் போகாது. இணைசேரும் காலத்தில் ஆணின் கழுத்து வீங்கியிருக்கும், குளிர்கால ரோமம் புடைத்து நிற்கும். இரண்டும் எடையைக் கூட்டிக் காட்டும். முதிர்ந்த ஆணுக்கு மார்பு இறங்கி வயிறு தொங்குவதால் கால்கள் குட்டையாகத் தெரியும். நெடுங்காலோடு தெரிவது இளசு.

எடை என்று ஓர் எண்ணைச் சொன்னால், உயிரோடு இருந்தபோது உள்ளதா, குடல் நீக்கிய பின்பா என்று கேளுங்கள். குடல் நீக்கிய மான் உயிர் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான் இருக்கும். இரண்டையும் கலந்து பேசுவதாலேயே பல 'சாதனைகள்' பிறந்திருக்கின்றன. பிறகு தராசா, கண் மதிப்பீடா என்று கேளுங்கள். அதன் பின் மாதத்தைக் கேளுங்கள். செப்டம்பர் தொடக்கத்தில் 700 கிலோ மூஸ் என்றால் நம்பலாம். அதே எடையை மார்ச் மாதத்து மூஸுக்குச் சொன்னால் நான் நம்பமாட்டேன். 400 கிலோ வாப்பிட்டி இயல்பானது, 300 கிலோ கடமானும் அப்படியே. 200 கிலோ வெள்ளைவால் மான் வடக்கில் மட்டும், அதுவும் அபூர்வமாக. 900 கிலோ மான் என்று யாராவது சொன்னால், தராசுச் சீட்டைப் பார்த்த பிறகே மேற்கொண்டு பேச வேண்டும்.